தண்ணீரில் வளையாத ஈட்டி

தவிட்டுப்பட்டி எங்கே இருக்கிறது என்று தவிட்டுப்பட்டிக்காரர்களைக் கேட்டால், "இங்கேதான் இருக்கு" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் சொன்னதில் தவறும் கிடையாது என்பதால் நாமும் அதோடு விட்டுவிடுவோம்.

அந்த ஊர்க் குப்பமுத்துவுக்குக் கல்யாண ஆசை வந்தது. வயசுப் பையன், ஆசை வந்ததில் தப்பில்லை. அது பக்கத்து ஊர் விராலூரணியில், உடையப்பன் மகள் அழகுநாச்சி மேல் போய் விழுந்ததுதான் வம்பாகிவிட்டது. ஏனென்றால் விராலூரணியில் ஒரு வழக்கம் உண்டு. அங்கே பெண் கேட்டு வருகிறவன் கண்மாய்ப் படிக்கல்லில் நின்று, கால் நனையாமல், ஈட்டி எறிந்து ஒரு விரால் மீனைக் குத்த வேண்டும். வலை கூடாது, தூண்டில் கூடாது. குத்திய மீனைப் பெண் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தால் சம்பந்தம் முடிந்தது. வைக்க முடியாதவன் வந்த வழியே போகலாம்.

ஆனி முடிய இருபது நாள் இருந்தது. ஆடியில் பெண் பேச மாட்டார்கள். வெற்றிலை அறுப்பை முடித்துவிட்டு, ஆவணி பிறந்ததும் துரைசிங்கம் என்ற கொடிக்கால்காரன் படிக்கல்லில் ஏறக் காத்திருந்தான். அவன் மூன்று எறிக்கு இரண்டு மீன் குத்துகிறவன். மற்ற நேரமெல்லாம் தன் மீசையைப் பற்றிப் பேசுகிறவன்.

அழகுநாச்சிக்கோ துரைசிங்கத்தின் மீசையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. துணி துவைக்க வந்த இடத்தில் அவள் குப்பமுத்துவிடம் நேராகவே சொன்னாள்.

"எனக்கு உன்னையத்தான் புடிச்சிருக்கு. நீ பொய் சொல்ல மாட்ட."

"எப்படி நாச்சி கண்டுபிடிச்ச?"

"பொய் சொல்லக் கொஞ்சமாச்சும் மூளை வேணும்ல."

இப்படி ஒருத்தி தன்னைப் புகழ்ந்து குப்பமுத்து கேட்டதே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனான்.

குப்பமுத்துவுக்கு மூன்று சிநேகிதர்கள். மூத்தவன் சங்கிலி, யோசிக்கத் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவன். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். பாதி நேரம் அப்படியே தூங்கிவிடுவான். அவன் சொல்லும் யோசனைகளை வைத்து, எது எந்த நேரத்தில் வந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. அடுத்தவன் வீரணன். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கோழி கொத்த வந்தால் கூரைமேல் ஏறுகிறவன். மூன்றாமவன் பரட்டை. எதைச் சொன்னாலும் சொன்னபடியே செய்துவிட்டு, அடுத்தது என்ன என்று வாயைப் பார்த்து நிற்பான்.

நால்வரும் குப்பமுத்துவின் அப்பா வைத்துவிட்டுப் போன மூங்கில் கம்பு ஈட்டியோடு தவிட்டுப்பட்டிக் குளத்துக்குப் போனார்கள். குப்பமுத்து ஒரு கெண்டையைப் பார்த்து எறிந்தான். ஈட்டி போய்ச் சேற்றில் குத்திச் சாய்ந்து நின்றது. கெண்டை அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனது. மீன் போனால் போகட்டும், அதைவிடப் பெரிய சங்கதி ஒன்றைச் சங்கிலி கண்டுபிடித்தான்.

"டேய், ஈட்டியைப் பாருங்கடா!"

பார்த்தார்கள். தண்ணீருக்கு மேலே நேராக இருந்த கம்பு, தண்ணீருக்குள் நுழைந்த இடத்தில் ஒடிந்தாற்போல் வளைந்து கிடந்தது.  குப்பமுத்து ஓடிப்போய்ப் பிடுங்கிப் பார்த்தான். கம்பு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. மறுபடி உள்ளே விட்டான். வளைந்தது. வெளியே எடுத்தான். நிமிர்ந்தது.

"ஆள் பாக்கும்போது நேரா நிக்குது. உள்ள போனதும் புத்தியக் காட்டுது" என்றான் வீரணன்.

சங்கிலி கண்ணை மூடினான். வெகு நேரம் கழித்துத் திறந்தான். "மூங்கிலுங்கிறது என்ன? புல்லு ஜாதி. புல்லு தண்ணியப் பாத்தா வளையத்தானே செய்யும்? வளைஞ்ச ஈட்டி எப்படிக் குறியில போகும்? மரத்துல கம்பு போடணும்."

ஆசாரியிடம் போனார்கள். தண்ணீரில் வளையாத கம்பு வேண்டும் என்றார்கள். ஆசாரி அவர்களை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். தவிட்டுப்பட்டிக்காரர்கள் என்று தெரிந்ததும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. வேங்கையில் அருமையான கம்பு ஒன்றைச் செதுக்கிப் பூட்டிக் கொடுத்தார்.

"மூங்கி லேசு, காத்து இழுத்துக்கிட்டுப் போயிரும். இது கனமா நின்னு போகும். எண்ணெ தடவி வைங்க, வெயில் மட்டும் படக்கூடாது, முறுக்கிக்கிரும். எறியிறப்ப அவசரப்படாத தம்பி. மூச்சப் புடிச்சுக்க, மீன் அசையாம நிக்கட்டும், அப்புறமா விடு."

நல்ல மனுஷர், நல்ல வார்த்தைதான் சொன்னார். அவர்மேல் நான் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் உச்சிவெயிலில் ஈட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நால்வரும் குளத்துக்குப் போனார்கள். குடை பிடித்தவன் பரட்டை. குப்பமுத்து கையை ஓங்கினால் குடையும் ஓங்கியது, இறக்கினால் குடையும் இறங்கியது. குளத்தில் ஒரு கெண்டை வந்தது. குப்பமுத்து மூச்சைப் பிடித்தான். பாவம் தனியாகப் பிடிக்கிறானே என்று மற்ற மூவரும் பிடித்தார்கள். மீன் அசையாமல் நிற்கட்டும் என்று காத்திருந்தார்கள். மீனுக்கு அப்படி நிற்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அது வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. முதலில் வீரணன் கண் செருகிச் சாய்ந்தான். அடுத்து சங்கிலி. குப்பமுத்துவுக்கு முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து, ஈட்டியோடு அப்படியே குளத்தில் விழுந்தான். பரட்டை ஈட்டிக்கு வெயில் படக்கூடாதே என்று குடையோடு கூடவே குதித்தான்.

தண்ணீர் தெளிந்ததும் தெளியாததுமாக சங்கிலி எழுந்து எட்டிப் பார்த்தான். வேங்கையும் வளைந்துதான் கிடந்தது.

கருவேலத்தில் போட்டுப் பார்த்தார்கள். வளைந்தது. பனஞ்சிராயில் போட்டுப் பார்த்தார்கள். வளைந்தது. அதற்குள் எட்டு நாள் ஓடிவிட்டது. குப்பமுத்து சரியாகத் தூங்கவில்லை. கண்ணை மூடினால் துரைசிங்கத்தின் மீசைதான் தெரிந்தது, அதுவும் இரண்டு பக்கமும் வளைந்து தெரிந்தது. கடைசியில் கொல்லப்பட்டறையில் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, முழுக்க இரும்பிலேயே ஓர் ஈட்டி அடித்து வாங்கினார்கள். அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. குப்பமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு எறிந்தான். அது அவன் கால்மாட்டிலேயே தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. ஒரு முனை உள்ளே, ஒரு முனை வெளியே.

உள்ளே இருந்த பாதி வளைந்திருந்தது.

 வீரணனுக்கு அழுகை வந்துவிட்டது. "இரும்பையே வளைக்கிற தண்ணிடா இது. இதுலயா நாம இம்புட்டு நாளும் குளிச்சோம்?"

"அதான் நம்ம கருப்புசாமி ஈட்டிய விட்டுட்டு அருவா வச்சிருக்காரு" என்றான் சங்கிலி. "அவரும் ஒரு காலத்துல இந்தக் குளத்துல குத்திப் பாத்துச் சலிச்சுப் போயிருப்பாரு."

"சாமி மீன் சாப்புடுமா அண்ணே?" என்று கேட்டான் பரட்டை.

"கெடாவே சாப்புடுறாரு. மீனுக்கு என்ன?"

இரும்பு ஈட்டியை எடுக்க வேண்டுமே என்று வீரணனை இறக்கிவிட்டார்கள். முட்டளவு தண்ணீரில் நின்று குனிந்தவன் வீல் என்று அலறினான். அவன் இரண்டு காலும் முட்டிக்குக் கீழே கோணிக்கொண்டு கிடந்தன. மூன்று பேரும் அவனைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். கரையில் வந்ததும் கால் நேராகிவிட்டது என்பதை அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "ஈட்டியும் வெளிய வந்தா இப்படித்தான் நடிச்சுச்சு" என்று சொல்லிவிட்டான். நான்கு நாள் மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிக்கொண்டு படுத்திருந்தான். மூங்கில் வளைகிற ஜாதி என்று அவனுக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை, நோயாளியிடம் அதையெல்லாம் சொல்லக்கூடாது.

குப்பமுத்து தனியாக விராலூரணிக்கு நடந்தான். அழகுநாச்சி கண்மாய்க்கரையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து, சேதி முழுவதையும் சொல்லி, விசும்பி விசும்பி அழுதான்.

அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் பயம் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

"கம்புமேல குத்தம் இல்ல குப்பமுத்து. தண்ணிக்குள்ள எல்லாம் அப்படித்தான் தெரியும். மீனும் தெரியிற எடத்துல இருக்காது, இன்னும் கீழ இருக்கும். மீனைப் பாத்து எறியாத. ஒரு சாண் கீழ எறி. புரியுதா? ஒரு சாண் கீழ."

"ஒரு சாண் கீழ."

"எங்க, திருப்பிச் சொல்லு."

"எங்க, திருப்பிச் சொல்லு" என்றான் குப்பமுத்து.

அவள் கையெடுத்துக் கும்பிட்டு அவனை வீட்டுக்கு அனுப்பினாள்.

சொன்ன சொல்லை அவர்கள் வீணாக்கவில்லை. களத்துமேட்டில் ஒரு பனையில் கருவாட்டைக் கட்டித் தொங்கவிட்டு எறிந்து பழகினார்கள். அதற்குமுன் யாருடைய சாண் என்று ஒரு வழக்கு எழுந்தது. சங்கிலியின் சாண் பெரியது, பரட்டையின் சாண் சின்னது. மீனுடைய சாணைத்தான் எடுக்க வேண்டும் என்று வீரணன் கட்டிலில் படுத்தபடியே சொன்னான். மீனுக்குக் கை கிடையாது என்று அரை நாள் கழித்துத்தான் பரட்டைக்குத் தோன்றியது. கட்டிக்கொள்ளப் போகிறவன் சாண்தான் சரி என்று முடிவாயிற்று.

குப்பமுத்து எறிந்தான். கருவாட்டுக்கு ஒரு சாண் கீழே, பனையில் பாய்ந்தது ஈட்டி. மறுபடி எறிந்தான். மறுபடி ஒரு சாண் கீழே. வேங்கைக் கம்பு சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்று நாளில் நூறு முறை எறிந்தான். கருவாட்டின் மேல் ஒரு கீறல் இல்லை. பரட்டை ஒவ்வொரு முறையும் ஓடிப்போய்ச் சாண் போட்டுப் பார்த்து, "தப்பவே இல்லண்ணே!" என்று குதித்தான். கல்யாணம் ஆனது போலவே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நாலாம் நாள் தற்செயலாக ஈட்டி கருவாட்டிலேயே குத்திவிட்டது. அன்று எல்லோரும் வாடிப்போய், சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

"கை பழகிருச்சு. கம்புதான் இன்னும் பாக்கி" என்றான் சங்கிலி. கண்ணை மூடினான். இந்த முறை குறட்டையும் வந்தது. திடுக்கென்று எழுந்து தொடையைத் தட்டினான்.

"நேரான கம்பு தண்ணிக்குள்ள போனா என்ன ஆகுது?"

"வளையுது."

"அப்ப வளைஞ்ச கம்பு போனா?"

மூவரும் வாயைப் பிளந்தார்கள். இவ்வளவு பெரிய மூளையை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் எப்படி இந்த ஊரில் காலம் தள்ளுகிறான் என்று குப்பமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆசாரியிடம் போய், நல்ல கோணலாக ஒரு கம்பு வேண்டும் என்றார்கள். "கோணலுக்கு எதுக்குடா ஆசாரி? வேலியில போய் வெட்டிக்கங்க" என்று விரட்டினார். வேலியில் வெட்டினார்கள். நடுவில் மடங்கிய கருவேலங்கிளை. தண்ணீரில் விட்டு, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, தலையைச் சாய்த்துப் பார்த்தபோது ஓர் இடத்தில் அது நேராகத் தெரிந்தது. கட்டிலோடு கரைக்குத் தூக்கி வந்திருந்த வீரணன் சிம்பை அவிழ்த்து எறிந்துவிட்டு எழுந்து ஆடினான்.

ஆனி கடைசி வாரம், விராலூரணிக் கண்மாய்க்கரையில் ஊரே கூடிவிட்டது. உடையப்பன் முன்னால் நின்றார். துரைசிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நின்றான். அழகுநாச்சி குப்பமுத்துவின் கையில் இருந்த ஈட்டியைப் பார்த்தாள். 

"வேங்கைக் கம்பு எங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இந்தா, பரட்டை கையில இருக்கு. அது வளையும் நாச்சி. இது வளையாது, ஏற்கனவே வளைஞ்சிருச்சு."

குப்பமுத்து படிக்கல்லில் ஏறினான். ஐந்து முழத் தூரத்தில் ஒரு கொழுத்த விரால் மூச்சு விட மேலே வந்து நின்றது. அதற்கு ஒரு சாண் கீழே கண்ணை நிறுத்தி, ஈட்டியை விட்டான்.

கோணல் கம்பு காற்றில் ஒரு சுற்றுச் சுற்றியது. கிழக்கே போக வேண்டியது வடக்கே திரும்பியது. துரைசிங்கத்தின் மூக்குக்கு முன்னால் ஒரு வட்டம் அடித்து, அவனை மல்லாக்க விழவைத்துவிட்டு, தூரத்துக் கோரைப்புல்லுக்குள் போய்ச் சொருகியது. ஊர் சிரித்தது. அப்போது கோரை ஆடியது. சளபுளவென்று சத்தம். மீனைக் கரைக்கு இழுக்கவென்று ஈட்டியில் கட்டியிருந்த கயிற்றைப் பரட்டை பிடித்து இழுத்தான். முனையில், வால் பக்கம் குத்துப்பட்டு, முழங்கை நீள விரால் ஒன்று துள்ளிக்கொண்டு வந்தது.

 சிரித்த ஊரில் குலவை கிளம்பியது. உடையப்பன் தலையில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டு, "மாப்பிள்ளே!" என்றே கூப்பிட்டுவிட்டார். அழகுநாச்சி அழுதாள், சிரித்தாள், யாரைக் கட்டிக்கொள்வது என்று தெரியாமல் பக்கத்தில் நின்ற கிழவியைக் கட்டிக்கொண்டாள்.

தவிட்டுப்பட்டிக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. பரட்டை குனிந்து மீனைச் சாண் போட்டுப் பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் செத்துப் போயிருந்தது. "அண்ணே, மீன்மேலயே பட்டிருச்சு."

சங்கிலி பார்த்தான். வீரணன் பார்த்தான். தலையைத் தொங்கப்போட்டார்கள். குப்பமுத்து கையைக் கட்டிக்கொண்டு உடையப்பன் முன்னால் போய் நின்றான்.

"மாமா, மன்னிச்சிருங்க. குறி தப்பிருச்சு. ஒரு சாண் கீழ படணும். இந்த மீனைக் குடுத்து உங்க மகளைக் கட்டுனா அது மோசடி."

உடையப்பனுக்கு அது புரிந்து பதில் வருவதற்குள், அவன் ஈட்டி முனையிலிருந்து மீனைப் பிடுங்கிக் கண்மாயில் விட்டுவிட்டான். விரால் அவனை ஒருமுறை திரும்பிப் பார்த்தது என்று அங்கே இருந்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

அழகுநாச்சி கத்திய கத்தலை எழுத முடியாது. அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். பரட்டையின் கையில் இருந்த வேங்கை ஈட்டியைப் பிடுங்கினாள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு படிக்கல்லில் ஏறினாள். முதலில் வந்த அந்தக் கொழுத்த விரால் மறுபடி மூச்சுக்கு மேலே வந்தது. அவள் மீனைப் பார்த்தாள், அதற்குக் கீழே பார்த்தாள், விட்டாள். கண் சிமிட்டும் நேரத்தில் மீன் ஈட்டி முனையில் இருந்தது.

அந்த ஈட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் விடுவிடுவென்று நடந்தாள். ஊரே பின்னால் நடந்தது. தவிட்டுப்பட்டிக்குப் போய், குப்பமுத்து வீட்டு வாசலில் மீனைப் பொத்தென்று போட்டாள்.

"மீன் குத்துனவங்க கேட்ட சம்பந்தத்த மறுக்கக் கூடாதுன்னுதானே வழக்கம்? ஆம்பளதான் குத்தணும்னு எவன் சொன்னான்? நான் கேக்குறேன், இவனைக் குடுங்க."

"ஏம்மா, உலகத்துல வேற ஆளே கெடைக்கலையா?" என்றார் உடையப்பன்.

"கெடைக்கலப்பா."

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஆம்பளதான் குத்தணும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. மீன் குத்தியவர் வீட்டுக்கு மீன் வாங்கியவர் போவதுதான் முறை என்பதால், ஆனி கடைசி முகூர்த்தத்தில் தாலி கட்டிக் குப்பமுத்துவை விராலூரணிக்கு அனுப்பி வைத்தார்கள். சங்கிலி அவன் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "போற எடத்துல அனுசரிச்சு நடந்துக்கடா. மாமனார் முன்னாடி கால் நீட்டி உக்காராத. நம்ம ஊர் மானத்தக் காப்பாத்து." வீரணன் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தான். வண்டி ஊர் எல்லை தாண்டும்வரை மூவரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றார்கள்.

ஐந்தாம் நாள் ஆடி பிறந்தது. விடிந்து கதவைத் திறந்த உடையப்பன் வாசலில் ஒரு கூண்டுவண்டி நிற்பதைப் பார்த்தார். உள்ளே வைக்கோல் மேல் மெத்தை விரித்திருந்தது. சங்கிலியும் வீரணனும் பரட்டையும் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஐந்து முழம் மல்லிகைப்பூ எல்லாம் தட்டில் வைத்து ஏந்தி நின்றார்கள்.

"ஆடி பொறந்திருச்சு மாமா. எங்க பிள்ளையப் பொறந்த வீட்டுக்கு அழைச்சிக்கிட்டுப் போக வந்திருக்கோம்" என்றான் சங்கிலி.

"யோவ், ஆடிக்கு அழைக்கிறது பொண்ணைய்யா!"

"கட்டிக்கிட்டுப் போனவங்கள அழைக்கிறதுதானே மாமா வழக்கம்? நீங்கதானே கட்டிக்கிட்டு வந்தீங்க?"

அழகுநாச்சி அடுப்படியிலிருந்து அகப்பையோடு வந்தாள். "அண்ணே, மரியாதையா வண்டியத் திருப்புங்க. அவுக இங்கதான் இருப்பாக."

சங்கிலி பதறிப்போய்த் தட்டைக் கீழே வைத்தான். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"விவரந் தெரியாமப் பேசாத தாயி. ஆடியில சேந்திருந்தா சித்திரையில பிள்ள பொறக்கும். அந்த அக்கினி வெயில்ல இவன் எப்படிப் பெத்துப் பொழைப்பான்?"

திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்த குப்பமுத்துவுக்கு இது இதுவரை தோன்றவே இல்லை. மெல்ல வயிற்றைத் தடவிப் பார்த்தான். மனைவியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு இடுப்பில் ஒரு கையை ஊன்றி எழுந்து, பரட்டையின் தோளைப் பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்துப் பதனமாக வண்டியில் ஏறிப் படுத்துக்கொண்டான்.